வீட்டுக் கடன்: வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால்

(சித்தூர், திருப்பதி கிளை உறுப்பினர்கள் திருப்பதியில் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன வாரம் கிளைச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "மாமா, நம் குடும்பங்களில் நாலைந்து பிள்ளைகள் வீடு வாங்கும் யோசனையில் இருக்கிறார்கள். எந்த மாதிரிக் கடன் வாங்குவது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் அரைமணி நேரம் பேசினால் நன்றாக இருக்கும்" என்றார். நான் வங்கியில் வேலை பார்த்தவன் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, 35 வருஷம் மாநில அரசு இலாகா ஒன்றில் கோப்புகளோடு காலம் தள்ளினவன். இதைப் பற்றிப் பேச எனக்குள்ள ஒரே யோக்கியதை, வீட்டுக் கடனில் நன்றாகச் சூடுபட்டவன் என்பதுதான். இதுவரை வெளியில் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

என் கதை

என் தகப்பனார் காலத்தில் கடன் என்றாலே பயம். சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் வாடகை வீட்டிலேயே அவர் காலம் முடிந்தது. நான் 1986-ல் திருப்பதியில் ஒரு மனை வாங்கி, இலாகாவில் வீடு கட்டும் முன்பணம் வாங்கிக் கீழ்த்தளம் கட்டினேன். ஹெச்.பி.ஏ. என்று சொல்வோம். அது பரம சாதுவான கடன். தனி வட்டி. சம்பளத்திலேயே பிடித்தம். முதலில் அசலைப் பிடித்து முடிப்பார்கள், பிறகு வட்டியைக் கணக்குப் போட்டுப் பிடிப்பார்கள். சம்பளச் சீட்டில் எத்தனையாவது தவணை என்று போட்டிருக்கும். கடன் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று என் மனதில் பதிந்துவிட்டது. பின்னால் வந்த கஷ்டத்துக்கு அதுவே விதை.

2005-ல் மாடி கட்ட ஆசைப்பட்டேன். ரிடயர் ஆக மூன்று வருஷம் இருந்தது. பிள்ளை பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவனையும் சேர்த்துக் கையெழுத்துப் போட வைத்து, ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் 6 லட்சம் வாங்கினேன். 15 வருஷம், மாறும் வட்டி, 7.5 சதவீதம், மாதத் தவணை 5,562 ரூபாய். நிலையான வட்டி வேண்டுமானால் ஒரு சதவீதம் கூட ஆகும் என்றார்கள். அதை எதற்குத் தண்டமாகக் கொடுப்பது என்று நினைத்தேன். ஆபீசில் எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்கு மட்டும் அவர்கள் பென்சிலால் குறி போட்ட இடங்களில் எல்லாம் போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

மூன்று வருஷம் தவணை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. நாட்டில் வட்டி ஏறுகிறது என்று பேப்பரில் படித்தேன். நம் தவணை ஏறவில்லையே, நம்மைத் தொடவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். 2008-ல் ரிடயர் ஆனபோது கணக்கு கேட்டு வாங்கினேன். கட்டியிருந்தது சுமார் 2 லட்சம். அசலில் குறைந்திருந்தது 46 ஆயிரம். வட்டி 7.5-லிருந்து படிப்படியாக ஏறி 11.5 சதவீதத்தில் நின்றது. பாக்கி 5 லட்சத்து 54 ஆயிரம். அதற்கு ஒரு மாத வட்டி மட்டுமே 5,300 ரூபாய்க்கு மேல். நான் கட்டும் தவணையில் அசலுக்குப் போய்ச் சேருவது 250 ரூபாய். அதே தவணையைக் கட்டிக்கொண்டே போனால் கடன் முடிய இன்னும் 27 வருஷம் என்று காகிதம் சொன்னது. எனக்கு அப்போது வயது 58. முடியும்போது 85.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். இங்கே தெலுங்கிலும் அதையே சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தன. இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கென்று மனதில் ஒதுக்கி வைத்திருந்த கிராஜுவிடிப் பணத்தையும் பென்ஷன் கம்யூட்டேஷன் பணத்தையும் கொண்டுபோய்க் கடனை அடைத்தேன். அப்போது முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டு. 2 சதவீதம் என்று அதற்கு ஒரு 11 ஆயிரம். பெண்ணுக்குப் போட வேண்டியதை என் மனைவி தன் நகைகளை அழித்துச் செய்து போட்டாள். கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. "பௌதிகம் படித்தவர், மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட கணக்குப் போட்டுப் பார்க்கவில்லையா?" என்று ஒரே ஒரு நாள் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அவள் கேட்டதற்கு நான் கற்றுக்கொண்ட பதிலைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

பாரம் எந்த உருவத்தில் வரும்?

நம்மவர்கள் முதலில் கேட்பது, "எந்த பேங்கில் வட்டி குறைச்சல்?" அது இன்றைய வட்டி. கடனோ 20 வருஷத்துக்கு. வட்டி மாறினால் அந்தப் பாரம் யார் தலையில் விழும், தவணையாக விழுமா, வருஷங்களாக விழுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கடனின் வகையைத் தேர்ந்தெடுப்பது என்றால் இதைத் தேர்ந்தெடுப்பதுதான்.

வட்டியை வைத்துப் பார்த்தால் மூன்று வகை. நிலையான வட்டி, மாறும் வட்டி, முதல் சில வருஷங்கள் நிலையாக இருந்து பிறகு மாறும் கலப்பு வட்டி.

நிலையான வட்டி என்ற பெயரை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. பல ஒப்பந்தங்களில் மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வட்டியைத் திருத்திக்கொள்ளும் ஷரத்து இருக்கும். அப்படியானால் அது கலப்பு வட்டிதான், பெயர்தான் வேறு. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் 30 வருஷத்துக்கு ஒரே வட்டியில் கடன் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது சர்வ சாதாரணம். அந்த ஞாபகத்தில் இங்கே 'ஃபிக்ஸட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்தில் இரண்டு வருஷம், ஐந்து வருஷம் என்றுதான் நிலையாக வைக்கிறார்கள். பிறகு புது வட்டி.

கலப்பு வட்டியில் ஆரம்ப வட்டி கவர்ச்சியாக இருக்கும். அமெரிக்காவில் 2007, 2008-ல் வீட்டுக் கடன்கள் கவிழ்ந்ததற்கு, ஆரம்பத்தில் குறைவாக வைத்துப் பிறகு ஏற்றிய வட்டியும் ஒரு காரணம். நம் நாட்டில் 2009-ல் ஸ்டேட் பாங்க் முதல் வருஷத்துக்கு 8 சதவீதம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ரிசர்வ் வங்கிக்கு அந்த மாதிரித் திட்டங்கள் பிடிக்கவில்லை. 2011-ல் அது நின்றது. இப்படிப்பட்ட கடனை வாங்கினால், சலுகைக் காலம் முடிந்த பிறகு வரும் தவணையைக் கட்ட முடியுமா என்று இன்றைக்கே கணக்குப் போட வேண்டும்.

மாறும் வட்டி எதைப் பிடித்துக்கொண்டு மாறுகிறது என்பது அடுத்த கேள்வி. என் காலத்தில் நிறுவனம் தானே ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டு தானே மாற்றும். ஏற்றுவதில் சுறுசுறுப்பு, இறக்குவதில் நிதானம். ரிசர்வ் வங்கி இதைச் சரிசெய்ய 2010 ஜூலையில் அடிப்படை விகிதம், 2016 ஏப்ரலில் எம்.சி.எல்.ஆர்., 2019 அக்டோபரில் வெளி அளவுகோல் என்று படிப்படியாக முறையை மாற்றியது. 2019-க்குப் பிறகு வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன் ரெப்போ போன்ற வெளி விகிதத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது மாற்றத்தைப் போட்டாக வேண்டும். இந்தக் கட்டாயம் வங்கிகளுக்குத்தான், வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இல்லை. ஆகவே அங்கே வாங்குகிறவர்கள் எந்த விகிதத்தோடு கட்டியிருக்கிறது, யார் மாற்றுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய முறையிலேயே இன்னும் கடன் ஓடிக்கொண்டிருக்கிறவர்கள், புது முறைக்கு மாற என்ன கட்டணம் என்று விசாரியுங்கள்.

மருமானின் கணக்கு

ரெப்போவோடு கட்டினால் எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். இறங்குவது போலவே ஏறுவதும் உடனே வரும். 2020 மே முதல் இரண்டு வருஷம் ரெப்போ 4 சதவீதத்தில் இருந்தது. 2022 மே மாதம் ஏற ஆரம்பித்து, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதம் ஆகிவிட்டது. 2025-ல்தான் மறுபடி இறங்க ஆரம்பித்தது.

என் மருமான், தங்கை பிள்ளை, சென்னையில் இருக்கிறான். 2021-ல் 40 லட்சம் கடன், 20 வருஷம், 6.7 சதவீதம், தவணை சுமார் 30,300 ரூபாய். வட்டி ஏறிய சமயம் பதறிப்போய் என்னிடம் வந்தான். இந்தத் தடவை கணக்குப் போட்டேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, 20 மாதம் கட்டிய பிறகு ஒரேயடியாக 9.2 சதவீதம் ஆனதாக வைத்துக்கொண்டேன். பாக்கி 38 லட்சத்து 32 ஆயிரம். தவணையை மாற்றாமல் விட்டால் கடன் முடிய 458 மாதம், அதாவது 38 வருஷம். தவணையை 36,100 ஆக ஏற்றினால் பழையபடி 220 மாதத்தில் முடியும். மாதம் 5,800 ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் கடைசி வரை கட்டும் மொத்தத் தொகையைப் பார்த்தால், முதல் வழியில் 1 கோடியே 38 லட்சத்துக்கும் மேல், இரண்டாவது வழியில் 79 லட்சத்துச் சொச்சம். தவணையை ஏற்றச் சொன்னேன். சிரமப்பட்டு ஏற்றினான். நான் 2005-ல் செய்யத் தவறியது அதைத்தான்.

அந்தச் சமயத்தில் நாடு முழுவதும் இதே கூக்குரல் கிளம்பியதால், 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. வட்டி மாறும்போது தவணை கூடுகிறதா, காலம் நீள்கிறதா என்று கடன்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்புத் தர வேண்டும். தவணைத் தொகை வட்டிக்கே போதாமல் அசல் வளரும்படி காலத்தை நீட்டக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்குத் தர வேண்டும். அந்தக் காகிதம் வந்தால் பிரித்துப் படியுங்கள். பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

யாருக்கு எது?

30, 35 வயதில் இருப்பவர், சம்பளம் ஏறும், அவ்வப்போது கூடுதலாகக் கட்ட முடியும் என்றால் ரெப்போவோடு கட்டிய மாறும் வட்டி சரி. 2012 ஜூன் முதல், மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது. இது பெரிய சௌகரியம். 8.5 சதவீதத்தில் 20 வருஷக் கடனுக்கு வருஷத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவந்தால், மூன்று வருஷத்துக்கும் மேல் முன்னதாகவே கடன் முடிகிறது. ஒரு சோதனை சொல்கிறேன். இன்றைய வட்டிக்கு மேல் இரண்டரை சதவீதம் கூட்டித் தவணையைக் கணக்குப் போடுங்கள். அதைக் கட்ட முடியாது என்றால் அந்த வீடு உங்கள் சக்திக்கு மேற்பட்டது.

ரிடயர் ஆகச் சில வருஷங்களே இருப்பவர், அல்லது ஒரே சம்பளத்தில் இழுத்துப் பிடித்துக் குடித்தனம் நடத்துகிறவர், திருத்தும் ஷரத்து இல்லாத நிலையான வட்டி கிடைத்தால் அரை, ஒரு சதவீதம் கூட ஆனாலும் யோசிக்கலாம். அந்த ஒரு சதவீதத்தை நான் தண்டம் என்று நினைத்தேன். அது இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி. ஆனால் நிலையான வட்டிக் கடனுக்கு முன்கூட்டி அடைக்கக் கட்டணம் இருக்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் பென்ஷன் காலத்துக்குள் தவணை நுழையாதபடி கடனைச் சின்னதாக்குங்கள்.

டாக்டர், ஆடிட்டர், வியாபாரி என்று கையில் பணம் வந்து போகிறவர்களுக்கு ஓவர்டிராஃப்ட் மாதிரியான வீட்டுக் கடன் உண்டு. உபரிப் பணத்தை அந்தக் கணக்கிலேயே போட்டு வைத்தால் அத்தனைக்கும் வட்டி ஓடாது. வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கும். உபரி நிஜமாகவே இருப்பவர்களுக்குத்தான் இது லாபம். எடுத்து எடுத்துச் செலவு செய்கிறவர்களுக்குக் கடன் தீரவே தீராது.

வருமான வரிச் சலுகைக்காகக் கடன் வாங்குங்கள் என்று இன்னும் சிலர் யோசனை சொல்கிறார்கள். புதிய வரி முறையில், நாமே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பிள்ளை எந்த முறையில் வரி கட்டுகிறான் என்று முதலில் கேளுங்கள்.

நம் ஊர் விஷயம்

எதற்காகக் கடன் என்பதை வைத்தும் வகை மாறும். திருச்சானூர் பக்கம், ரேணிகுண்டா ரோடு பக்கம் மனை வாங்குகிறவர்கள் அதிகம். வெறும் மனைக்குக் கடன் வேறு, மனையும் கட்டடமும் சேர்த்துக் கடன் வேறு. வீடு கட்டும் எண்ணம் இருந்தால் சேர்த்தே கேளுங்கள். கட்டடத்துக்கான பணம் அஸ்திவாரம், கூரை என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். கட்டிக்கொண்டிருக்கும் அடுக்ககத்தில் வாங்கினால், முடியும் வரை வட்டி மட்டும் கட்டும் ஏற்பாடு சொல்வார்கள். கட்டடம் தாமதமானால் அத்தனை மாதமும் அசலில் ஒரு பைசா குறையாது. முடிந்தால் முழுத் தவணையை முதலிலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

30 லட்சம் வரை கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பது உச்ச வரம்பு. பத்திரச் செலவு, பதிவுக் கட்டணம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேராது. அதைக் கையிலிருந்து போட வேண்டும். அதற்கு இன்னொரு தனிக் கடன் வாங்கினால் எல்லாக் கணக்கும் கெட்டுவிடும்.

ஒரு முக்கியமான சங்கதி. ஆந்திரத்தில் பதிவு செய்யக் கூடாத நிலங்களுக்கு 22-ஏ பட்டியல் என்று ஒன்று உண்டு. அரசு நிலம், ஏழைகளுக்கு ஒப்படைத்த டி.கே.டி. பட்டா நிலம், கோயில் நிலம் எல்லாம் அதில் வரும். திருப்பதி போன்ற க்ஷேத்திரத்தில் கோயிலுக்கும் மடங்களுக்கும் எவ்வளவு நிலம் என்று உங்களுக்கே தெரியும். சர்வே எண்ணை அந்தப் பட்டியலில் பாருங்கள். வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள், துடா அங்கீகாரம் மூன்றையும் நம் வக்கீலிடம் காட்டுங்கள். பேங்க் கடன் கொடுத்தாலே பத்திரம் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. பேங்க் தன் பணத்துக்குத்தான் காவல்.

பெரியவர்களுக்கு

பிள்ளையின் கடனில் நம்மைக் கூட்டாகக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போடுவது தப்பில்லை. ஆனால் அவன் கட்டத் தவறினால் முழுக் கடனும் நம் தலையில்தான். கடன் தொகைக்கு அவன் பேரில் டெர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். இதைக் கேட்பது அபசகுனம் இல்லை.

சொந்த வீடு இருந்தும் மாதச் செலவுக்குத் திண்டாடுகிறவர்களுக்கு மறு அடமானக் கடன் என்று ஒன்று 2007 முதல் இருக்கிறது. 60 வயது தாண்டியவர்கள் வீட்டை அடமானம் வைத்து வங்கியிடமிருந்து மாதாமாதம் பணம் வாங்கலாம். ஆயுள் உள்ளவரை அதே வீட்டில் இருக்கலாம். பிற்பாடு வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசிவிட்டுச் செய்தால் வருத்தம் வராது.

முடிவாக

கடன் வாங்கப் போகிறவர்கள் ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வட்டி நிலையா, மாறுமா, திருத்தும் ஷரத்து உண்டா? மாறுமானால் எந்த விகிதத்தோடு, எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை? ஏறினால் தவணை கூடுமா, காலம் நீளுமா? முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா? கடன் முடியும்போது எனக்கு வயது என்ன? 2024 அக்டோபர் முதல், கையெழுத்துக்கு முன்னால் முக்கியத் தகவல் அறிக்கை என்று ஒன்று தர வேண்டும், அதுவும் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில். எல்லாக் கட்டணமும் சேர்ந்து வருஷ விகிதம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அதை வீட்டுக்கு எடுத்துவந்து, மனைவியோடு உட்கார்ந்து படியுங்கள்.

கடனை முழுவதும் அடைத்த பிறகு 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், அவர்களால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு என்றும் 2023 டிசம்பர் முதல் விதி. அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மருமான் வருஷா வருஷம் ஏப்ரல் மாதம் தன் கடன் கணக்கை எனக்கு அனுப்புகிறான். நான் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து, இன்னும் எத்தனை மாதம் என்று போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். என் மனைவியும் பக்கத்தில் வந்து, "எவ்வளவு குறைந்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். இங்கே உள்ள பிள்ளைகளும் அப்படிச் செய்யலாம். கணக்குப் போட ஒரு கிழவன் இருக்கிறேன்.